சத்தாகச் சமைக்கிறேன், வீட்டில் யாரும் தொடுவதில்லை

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் வசிக்கிறேன். வயது 38. ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். கணவர் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கிறார். மகளுக்கு 14 வயது, மகனுக்கு 8. மாமியாருக்கு 66, நீண்ட காலமாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு மாதத்திற்கு முன்பு மகளுக்கு இரத்தப் பரிசோதனை செய்தபோது ஹீமோகுளோபின் 9.8 என்று வந்தது. பயந்துபோய் மறுநாளே சமையலை மாற்றிவிட்டேன். வெள்ளை அரிசி, எண்ணெய், தேங்காய், வறுவல் எல்லாவற்றையும் நிறுத்தினேன். காலையில் சிறுதானியக் கஞ்சி, மதியம் சாமைச் சோறு, இரவில் வேகவைத்த காய். மகளுக்குத் தினமும் பீட்ரூட், மாதுளைச் சாறு. மாமியாருக்கு இரவில் கஞ்சி மட்டும். ‘ஆஸ்பத்திரிச் சோறு’ என்கிறார் மாமியார். கணவர் பரோட்டா சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்கே வருகிறார். மகள் பள்ளி விட்டதும் தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு, பசியில்லை என்கிறாள். மகன் செல்போன் இல்லாமல் வாயைத் திறப்பதில்லை. இரவில் மிஞ்சியதை நான் மட்டும் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். மாமியாருக்கு ஜவ்வரிசிக் கஞ்சி கொடுக்கலாமா? போன வாரம் காலையில் அவருக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கியது. இனிப்பாகக் காபி குடித்ததும் சரியாகிவிட்டது. இவர்களை எப்படிச் சாப்பிட வைப்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்துதான் நான் தொடங்க வேண்டும். மாமியாருக்கு வியர்த்ததும் கை நடுங்கியதும், இனிப்பு உள்ளே போனதும் தெளிந்ததும், இரத்தத்தில் சர்க்கரை குறைந்துபோனதையே பெரும்பாலும் காட்டும். அவர் முன்பு சாப்பிட்டுவந்த அளவுக்கு ஏற்றபடிதான் மாத்திரை எழுதப்பட்டிருக்கும். சாப்பாடு திடீரென்று பாதியாகிவிட்டது; மாத்திரை அப்படியே இருக்கிறது. சர்க்கரை நோய்க்கான சில மாத்திரைகளும் இன்சுலினும், சாப்பாடு குறைந்தாலும் தம் வேலையைக் குறைத்துக்கொள்வதில்லை. ஆகவே முடிந்தால் நாளைக்கே மருந்துச் சீட்டுடன் அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சாப்பாட்டை எப்படி மாற்றினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அதுவரை இரவில் வெறும் கஞ்சி வேண்டாம். வழக்கமாகச் சாப்பிட்டுவந்த இட்லியையோ தோசையையோ கொடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். மறுபடி அப்படி வந்தால், விழுங்கும் நிலையில் இருக்கும்போதே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்தும் தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள். வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால் 70க்குக் கீழே காட்டுகிறதா என்று பாருங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள்.

ஜவ்வரிசிக் கஞ்சி அவருக்கு வேண்டாம். 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற சேலம் ஜவ்வரிசி நம் மாவட்டத்தின் பெருமை, எத்தனையோ குடும்பங்களின் பிழைப்பு. ஆனாலும் குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளிக்கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, நாரை நீக்கி எடுத்த மாவுச்சத்துதான் அது. புரதமும் நார்ச்சத்தும் அதில் கிட்டத்தட்ட இல்லை. கஞ்சியாகக் காய்ச்சினால் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றிவிடும். விசேஷ நாளில் எல்லோருக்கும் பாயசம் வையுங்கள். நோயாளிக்கு உகந்த எளிய உணவு என்று நினைத்து மட்டும் கொடுக்காதீர்கள்.

அடுத்து மகள். 14 வயதுப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் குறையக் கூடாது. 9.8 என்பது நடுத்தர அளவிலான இரத்தசோகை. இந்த நிலையைச் சாப்பாட்டால் மட்டும் சரிசெய்ய முடியாது என்பதை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவர் எழுதித்தரும் இரும்புச்சத்து மாத்திரை அவளுக்குத் தேவை. அரசுப் பள்ளிகளில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல நிற மாத்திரை இரத்தசோகை வராமல் காப்பதற்கானது. வந்த பிறகு சிகிச்சை தனி. மாதவிடாயின்போது உதிரப்போக்கு அதிகமாக இருக்கிறதா, குடற்புழு மாத்திரை கடைசியாக எப்போது சாப்பிட்டாள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரை சாப்பிடத் தொடங்கியதும் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் சரியான பிறகும் உடலில் இருப்புச் சேர்வதற்காகச் சில மாதங்கள் தொடரச் சொல்வார்கள். பாதியில் நிறுத்திவிடாதீர்கள். இதை ஏதோ உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த குறையாக நினைத்து நீங்கள் குன்றிப்போவது கடிதத்தில் தெரிகிறது. 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. பாதிக்கு மேல்!

பீட்ரூட்டுக்கும் மாதுளைக்கும் நீங்கள் செலவழிக்கும் பணத்தைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. இரண்டும் சிவப்பாக இருப்பதால் இரத்தம் ஊறும் என்ற நம்பிக்கை வந்துவிட்டது. 100 கிராம் பீட்ரூட்டில் இருக்கும் இரும்புச்சத்து ஒரு மில்லிகிராம்கூட வராது. மாதுளையில் அதைவிடவும் குறைவு. அவை நல்ல உணவுதான், இரும்புக்காக வாங்க வேண்டியவை அல்ல. அந்தப் பணத்தில் வாரம் ஒருநாள் ஆட்டு ஈரலோ சுவரொட்டியோ (மண்ணீரல்) வாங்கி, மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வறுத்துக் கொடுங்கள். அசைவத்தில் இருக்கும் இரும்பைத்தான் உடல் எளிதாக எடுத்துக்கொள்ளும். மற்ற நாட்களில் கொள்ளு, தட்டைப்பயறு, கம்பு, முருங்கைக்கீரை, எள்ளுருண்டை எல்லாம் கைகொடுக்கும். கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பை உடல் ஏற்றுக்கொள்ள வைட்டமின் சி வேண்டும். அதனால் இறக்கிய பிறகு எலுமிச்சம்பழம் பிழியுங்கள், இல்லையென்றால் சாப்பிட்டதும் ஒரு கொய்யாப்பழம் கொடுங்கள். டீ அதற்கு நேர்மாறு; இரும்பை உடலில் சேரவிடாமல் தடுக்கும். பள்ளி விட்டு வந்து டிபனோடு டீ குடிக்கிற பழக்கம் நம் ஊரில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு உண்டு. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரையையும் டீ, பால் இரண்டோடும் சேர்க்க வேண்டாம்.

இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். வீட்டில் யாரும் சாப்பிடாததற்குக் காரணம் அவர்களுடைய பிடிவாதம் அல்ல. சாப்பாட்டில் ருசி போய்விட்டது. ஒரே நாளில் ஐந்து பேருடைய தட்டிலிருந்தும் அவர்களுக்குப் பிடித்த அனைத்தையும் எடுத்துவிட்டீர்கள். மகளின் இரத்தப் பரிசோதனை முடிவுக்கு வீடு முழுவதும் தண்டனை அனுபவிப்பதுபோல் ஆகிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு அது எவ்வளவு சங்கடமாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தன்னால்தான் அப்பா வெளியே சாப்பிடுகிறார், தன்னால்தான் பாட்டி முணுமுணுக்கிறார் என்று அவள் நினைக்கக்கூடும். அதனால் முதல் மாதத்துக்கு உங்களுக்கு ஒரே ஒரு வேலைதான் தருகிறேன்: எல்லோரையும் இரவுச் சாப்பாட்டுக்கு ஒன்றாக வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். சத்தைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். சாப்பிட ஆளே இல்லாத சமையலில் எவ்வளவு சத்து இருந்து என்ன பயன்?

எண்ணெயும் தேங்காயும் தாளிப்பும் சமையலறைக்குத் திரும்பட்டும். கீரையிலும் கேரட்டிலும் உள்ள வைட்டமின் ஏ சத்து உடலில் சேரவே கொழுப்பு வேண்டும். நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ எதுவானாலும் ஒரு மாதத்துக்கு மொத்தம் நான்கு லிட்டருக்குள் உங்கள் குடும்பத்துக்குப் போதும். மாதத் தொடக்கத்தில் வாங்கி வைத்து, மாதக் கடைசி வரை வருகிறதா என்று மட்டும் பாருங்கள். கரண்டிக் கரண்டியாகக் கணக்குப் பார்த்தால் சமைப்பதே கசந்துவிடும். வெள்ளைச் சோறும் வரட்டும். அரிசி யாருக்கும் எதிரி அல்ல. தட்டில் முக்கால்வாசியைச் சோறே பிடித்துக்கொண்டு, பருப்பும் காயும் ஓரத்தில் ஒதுங்கிக் கிடப்பதுதான் சிக்கல்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கும் அளவுகள் இவை. 2,000 கலோரி தேவைப்படுகிற ஒருவருக்கு ஒரு நாளைக்கு அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்ந்து 250 கிராம்; பருப்பு, பயறு அல்லது அவற்றுக்கு ஈடாக முட்டை, மீன், இறைச்சி 85 கிராம்; காய்கறியும் கீரையும் 400 கிராம்; பழம் 100 கிராம். அரிசி இதைவிடக் கூடுதலாகவும் பருப்பு இதைவிட மிகக் குறைவாகவும் இருப்பதே நம் பக்கத்து வீடுகளில் நான் பார்ப்பது. ஐந்து பேருக்கான சாம்பாரில் ஒரு கைப்பிடித் துவரம்பருப்பு போட்டால் ஆளுக்கு எத்தனை கிராம் வரும்? குழம்புத் தண்ணீர்தான் வரும். புரதம் போதாத சாப்பாடு சீக்கிரம் பசிக்க வைக்கும்; ஆறு மணிக்குத் தட்டுவடைக் கடையும் ஒன்பது மணிக்குப் பரோட்டாக் கடையும் இழுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதற்கு நான் சொல்லும் மருந்து, நம் ஊர் கடைசல். பச்சைப்பயறை வெறும் சட்டியில் வாசனை வரும்வரை வறுத்து, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, பச்சைமிளகாய், சீரகம் போட்டுக் குழைய வேகவைத்து, மத்தால் கடைந்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுங்கள். சூடான சோற்றில் அதை ஊற்றி, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தால் வேண்டாம் என்று சொல்பவரை நான் பார்த்ததில்லை. கொள்ளுப் பருப்பைக் கடைந்துவிட்டு, வடித்த தண்ணீரில் அன்றைக்கே ரசம் வைத்துவிடலாம். தட்டைப்பயறும் கத்தரிக்காயும் சேர்ந்த குழம்பு, மொச்சைக்கொட்டைக் குழம்பு, அரைக்கீரையும் பாசிப்பருப்பும் சேர்ந்த கடைசல் என்று மாற்றி மாற்றி வைத்தால் வாரம் ஓடிவிடும். இவற்றில் எதையும் ‘ஆரோக்கிய உணவு’ என்று அறிவித்துப் பரிமாற வேண்டாம். ருசியான குழம்பு என்றுதான் தட்டுக்கு வர வேண்டும். குழம்பு கெட்டியாக, ருசியாக இருந்தால் சோற்றின் அளவு பேச்சில்லாமல் தானாகக் குறையும்.

உங்கள் வீட்டில் ஒரு பெரிய சமையல்காரரை வைத்துக்கொண்டு அவருக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள். 66 வயதான உங்கள் மாமியார் இந்தப் பக்கத்தில் வளர்ந்தவர் என்றால் களி கிண்டத் தெரிந்திருக்கும். அரிசி நொய்யை முதலில் வேகவைத்து, அதன் மேல் ராகி மாவைக் குவித்துக் கொட்டி, நடுவில் குழி செய்து ஆவியில் வேகவிட்டு, பிறகு துடுப்பால் கட்டியில்லாமல் கிண்டுகிற பக்குவத்தை அவரிடம் கேளுங்கள். அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்ல, உங்கள் கணவர் கிண்டட்டும். கைவலு வேண்டிய வேலை அது. கூடவே கீரைக் கடைசலோ கருவாட்டுக் குழம்போ வைத்தால், ‘ஆஸ்பத்திரிச் சோறு’ என்ற பேச்சு அந்த வீட்டில் மறுபடி எழாது. ராகியில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் 10க்குப் பக்கம்தான். வளரும் பெண்ணுக்கும் வயதான பெண்மணிக்கும் ஒரே சட்டியில் கிடைக்கிற சத்து. ஆனால் சிறுதானியம் என்றால் சர்க்கரை ஏறாது என்று நினைக்க வேண்டாம். அதுவும் மாவுச்சத்துதான். நைசாக அரைத்த மாவைக் கூழாகவோ கஞ்சியாகவோ குடிக்கும்போது வேகமாக ஏறும். களியாக, கடைசலோடு சாப்பிடும்போது நிதானமாக ஏறும். மாமியாருக்குக் கைக்குள் அடங்கும் ஓர் உருண்டை, கடைசல் தாராளமாக. மருத்துவரைப் பார்த்து வந்த பிறகு இதைத் தொடங்குங்கள்.

அவருக்கென்று தனிச் சமையல் வேண்டவே வேண்டாம். மற்றவர்கள் சாப்பிடுவதையே அளவு மாற்றிச் சாப்பிடட்டும். மாம்பழக் காலத்தில் மல்கோவாவை அவர் கண்ணெதிரே நறுக்கி மற்ற எல்லோருக்கும் கொடுத்துவிட்டு அவரை மட்டும் ஒதுக்கிவைக்கிற கொடுமையும் வேண்டாம். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால், சோறு சாப்பிட்ட கையோடு இல்லாமல், இடைநேரத்தில் இரண்டு துண்டு சாப்பிடலாம். சேலத்தில் பிறந்து மாம்பழத்தை முழுக்க மறக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. அதற்கு அவசியமும் இல்லை.

தட்டுவடை செட்டைப் பற்றி நீங்கள் கோபத்தோடு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதன்மேல் அவ்வளவு கோபம் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்: எண்ணெயில் பொரித்த இரண்டு சின்னத் தட்டுவடை, நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், மேலே காரச் சட்னியும் கொத்தமல்லிச் சட்னியும். காய்கறியைப் பிள்ளைகள் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற தின்பண்டம் வேறு எந்த ஊரில் இருக்கிறது? கடையில் துருவிய காய் எவ்வளவு நேரம் திறந்து கிடந்தது, எண்ணெய் எத்தனை முறை காய்ந்தது என்பதுதான் கவலை. அதை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். தட்டுவடையை நல்ல கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், அதைச் சுட்டுக்கொண்டு நிற்க உங்களுக்கு நேரம் இல்லை. சனிக்கிழமை மாலையில் மகள் காயைத் துருவட்டும்; மகன் தட்டில் அடுக்கட்டும். கொத்தமல்லி, புதினாச் சட்னி அம்மிக்கோ மிக்ஸிக்கோ ஐந்து நிமிட வேலை. ஆளுக்கு மூன்று செட், அதோடு எலுமிச்சை பிழிந்த தட்டைப்பயறு சுண்டல் ஒரு கிண்ணம். அடுத்த வாரம் தட்டுவடையை நொறுக்கி முட்டை சேர்க்கும் முட்டை நொறுக்கல் செய்யலாம். ஆளுக்கு ஒரு அவித்த முட்டை சேர்ந்தால் 6 கிராம் புரதம் கிடைத்துவிடும். தடை செய்த பண்டம்தான் பிள்ளைகளுக்குப் பெரிதாகத் தெரியும். வீட்டில் கிடைக்கும் என்று தெரிந்தால், பள்ளி வாசலில் தினமும் வாங்கத் தோன்றாது. அப்படியும் தோழிகளோடு வாரத்தில் ஒருநாள் சாப்பிட்டால் விட்டுவிடுங்கள், 14 வயதில் அது நட்பின் ஒரு பகுதி.

மற்ற நாட்களில் பள்ளி விட்டு வரும்போது வீட்டில் சாப்பிட ஏதாவது தயாராக இருக்க வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் கடையில் இருப்பீர்கள். காலையிலேயே வேகவைத்த வேர்க்கடலை, கடலைமிட்டாய், எள்ளுருண்டை, வாழைப்பழம், கொய்யா என்று ஒரு தட்டில் மூடி வைத்துவிட்டுப் போகலாம். பாட்டி எடுத்துக் கொடுப்பார்.

மகனிடம் வேறு விதமாக நடக்க வேண்டும். எட்டு வயதுப் பையனுக்கு ஊட்டிவிடுவதை நிறுத்துங்கள். செல்போனைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறக்கும் குழந்தைக்குத் தான் என்ன சாப்பிடுகிறோம் என்பதும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. என்ன சமைப்பது, எத்தனை மணிக்குப் பரிமாறுவது என்பது உங்கள் முடிவு. தட்டில் இருப்பதில் எதை, எவ்வளவு சாப்பிடுவது என்பது அவன் முடிவு. இந்த எல்லையை நீங்கள் மதித்தால் இரவுச் சண்டை பாதி குறையும். புதிய காய் என்றால் ஒரு தேக்கரண்டி மட்டும் வையுங்கள். தொடவில்லை என்றால் ஒன்றும் சொல்லாமல் தட்டை எடுத்துவிடுங்கள். நான்கு நாள் கழித்து மறுபடி வையுங்கள். ஒரு காய்க்குப் பழகுவதற்குச் சில குழந்தைகளுக்குப் பத்து, பதினைந்து முறைகூட ஆகும். இரண்டு, மூன்று முறை பார்த்துவிட்டு “இவனுக்குப் பிடிக்காது” என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். “அவரைக்காய் சாப்பிட்டால் சாக்லேட்” என்ற பேரமும் வேண்டாம். அவரைக்காய் கஷ்டம், சாக்லேட் பரிசு என்ற பாடம்தான் அவன் மனதில் ஏறும். ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் சத்துமாவோ ஊட்டச்சத்துப் பொடியோ கலந்து ஒரு பெரிய டம்ளர் பால் கொடுக்கிறீர்களா? அப்படியென்றால் அவனுக்கு உண்மையாகவே பசி இருக்காது. பாலை மாலை ஐந்து மணிக்கு மாற்றிவிடுங்கள்.

அவனைக் காய் வாங்கக் கூட்டிப்போவது நான் எழுதும் எல்லா உபாயத்தையும்விட நன்றாகப் பலிக்கும். தமிழ்நாட்டில் உழவர் சந்தைகள் 1999ஆம் ஆண்டில் தொடங்கின. உங்கள் அம்மாபேட்டையிலேயே ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அப்பாவும் மகனும் பையை எடுத்துக்கொண்டு போகட்டும். அவன் கையில் ஐம்பது ரூபாய் கொடுத்து, அவனுக்குப் பிடித்த இரண்டு காயை அவனே பேசி வாங்கச் சொல்லுங்கள். தான் வாங்கிய முள்ளங்கியைப் பிள்ளைகள் அவ்வளவு சுலபமாக ஒதுக்குவதில்லை. எப்போதாவது ஏற்காட்டுக்குப் போனால், வழியில் சிப்ஸ் பாக்கெட் வாங்காமல் மலையில் விளைந்த பேரிக்காய், கொய்யா, ஆரஞ்சு, பட்டர் ஃப்ரூட் என்று அந்தப் பருவத்தில் கிடைப்பதை வாங்கிக் கொடுங்கள். நீங்கள் தினமும் சமைத்து அலுக்க வைத்த சாமை, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக விளைவித்து உண்ட தானியம் என்பதையும் அங்கே வைத்துச் சொல்லலாம். சாமையை வாரம் ஒருநாள் மட்டும் வையுங்கள். வெண்பொங்கலாக, மிளகும் சீரகமும் நெய்யும் முந்திரியும் போட்டு. சோற்றுக்குப் பதிலாகக் குழம்பு ஊற்றிச் சாப்பிடும்போது பிடிக்காதவர்களுக்குப் பொங்கலாகப் பிடிக்கும்.

கணவரைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை. நாள் முழுவதும் பட்டறையில் குனிந்து உட்கார்ந்து பற்றவைப்பும் மெருகும் பார்த்துவிட்டு வருபவருக்கு இரவில் காரசாரமாகச் சாப்பிடத் தோன்றுவது இயல்பு. வேகவைத்த காயை வைத்து அவரை வீட்டுக்கு இழுக்க முடியாது. மேட்டூர் அணை மீன் கிடைக்கும் நாளில் குழம்பு வையுங்கள். முட்டைக் குழம்பு, காளான் மிளகு வறுவல், கோழிக் குழம்பு என்று வாரத்தில் மூன்று இரவாவது அவர் ஆசையோடு வரும்படி இருக்கட்டும். “இன்றைக்கு மீன் குழம்பு” என்று மதியமே போனில் சொல்லிவிடுங்கள். பரோட்டா மாதம் இரண்டு முறை எல்லோரும் சேர்ந்து போய்ச் சாப்பிடுவதாக இருக்கட்டும். உப்பில் மட்டும் கவனம்: ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மேல் போகக் கூடாது. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் ஒரே நாளில் வராமல் பார்த்துக்கொண்டால் பெரும்பகுதி சரியாகிவிடும்.

ஒன்றைக் கண்டிப்போடு சொல்கிறேன், இதை உங்கள் கணவரும் படிக்க வேண்டும். காலையில் ஐந்து பேருக்குச் சமைத்து, டிபன் பாக்ஸ் கட்டி, கடைக்குப் போய்க் கணக்கு எழுதி, திரும்பி வந்து மறுபடி சமைத்து, எல்லோருக்கும் பரிமாறி, மிஞ்சியதைத் தனியாகச் சாப்பிடுகிறார் ஒரு பெண். குடும்பத்தின் ஆரோக்கியத்தை அவர் ஒருவர் தலையில் மட்டும் ஏற்றிவைத்தால் அது இரண்டு மாதத்துக்கு மேல் நிற்காது, நிற்கவும் கூடாது. காய் நறுக்குவது மகளுக்கும் மகனுக்கும், சந்தையும் ஞாயிற்றுக்கிழமைச் சமையலில் ஒரு பங்கும் கணவருக்கு, பயறு ஊறவைப்பதும் கீரை ஆய்வதும் பாட்டிக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். சட்டிகளை நடுவில் வைத்து எல்லோரும் ஒரே நேரத்தில் உட்காருங்கள், நீங்களும்தான். யாருக்கு என்ன வேண்டுமோ அவரவரே போட்டுக்கொள்ளட்டும். அந்த அரை மணி நேரம் செல்போன், டிவி இரண்டும் வேண்டாம். எடை, ஹீமோகுளோபின், சர்க்கரை, மதிப்பெண் பேச்சும் வேண்டாம். மகளின் உடல்நிலையைத் தட்டுக்கு முன்னால் வைத்துப் பேசிப் பேசியே அவளுக்குச் சாப்பாட்டின்மேல் வெறுப்பு வந்துவிடக்கூடும்.

மாற்றத்தை எந்த வேகத்தில் செய்வது என்று கேட்பீர்கள். முதல் மாதம் இரவில் கடைசலும் குழம்பும் சனிக்கிழமைத் தட்டுவடையும் மட்டும் போதும். எல்லோரும் வந்து உட்காரத் தொடங்கிய பிறகு வாரம் ஒரு களி. பிறகு வாரம் ஒரு சாமைப் பொங்கல் அல்லது கம்பு தோசை. இட்லி மாவை விட்டுவிட வேண்டாம். அரிசியும் உளுந்தும் சேர்ந்து புளித்த அந்த மாவு நல்ல உணவு. புளிக்கும்போது அதில் பி வைட்டமின்கள் கூடவே செய்கின்றன. தொட்டுக்கொள்ளச் சட்னியோடு ஒரு காய்கறிச் சாம்பாரையும் கெட்டியாக வைத்தால் காலை உணவைப் பற்றிக் கவலையே வேண்டாம். பள்ளியில் மதிய உணவோடு முட்டை கொடுக்கிறார்கள் என்றால் பிள்ளைகள் அதைச் சாப்பிடுகிறார்களா, நண்பர்களுக்குக் கொடுத்துவிடுகிறார்களா என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஐந்து பேரைப் பற்றிய கடிதத்தில் நான்கு பேருடைய உடல்நிலைதான் இருக்கிறது. நீங்கள் சரியாகச் சாப்பிடுகிறீர்களா, களைப்பாக இருக்கிறதா, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று ஒரு வரிகூட இல்லை. மகளுக்கு இரத்தசோகை இருக்கும் வீட்டில் தாய்க்கும் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மாமியாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் அன்றைக்கே உங்களுக்கும் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணம் இல்லாமலே பார்க்கலாம். மகளுக்கு மருத்துவர் சொன்ன தேதியில் மறு பரிசோதனை முடிந்ததும், இருவருடைய எண்களையும், மாமியாரின் மாத்திரையில் மருத்துவர் செய்த மாற்றத்தையும் எழுதி அனுப்புங்கள். அவற்றைப் பார்த்துத்தான் மாமியாருக்குச் சோற்றின் அளவையும், உங்கள் இருவருக்குமான வார உணவையும் நான் குறித்துத் தர முடியும்.